உவமையை நீக்கினால் மிச்சம் என்ன?

தனுவச்சபுரத்தில் 1964இல் தொடங்கப்பட்ட கல்லூரி வேலுத்தம்பி தளவாயின் நினைவாகப் பெயர் பெற்றது. தளவாய் பிறந்த தலக்குளம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அவர் பெயரைத் தாங்கிய கல்லூரியோ எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில். அவர் காலத்தில் இரண்டும் ஒரே திருவிதாங்கூர் நாடு. அந்த நாட்டு மக்களை நோக்கி 1809 ஜனவரி 11 அன்று குண்டறையிலிருந்து அவர் விடுத்த விளம்பரத்தை வீரத்தின் சான்றாக மட்டுமே நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். நம்ப வைக்கும் எழுத்துக்கும் அது முதல்தரமான மாதிரி. அதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர், இன்று காலை வாயனசாலையில் விரித்த பத்திரிகையின் தலையங்கத்தையும் பிரித்துப் பார்ப்பார். அதனால்தான் இந்த மாதம் இதை எழுதுகிறேன்.

விளம்பரம் நகரும் விதத்தைக் கவனியுங்கள். முதலில் பழைய கதை வருகிறது: திப்புவின் படையெடுப்பு, கிழக்கிந்தியக் கம்பெனியை நண்பன் என்று நம்பித் திருவிதாங்கூர் கைகோத்தது, பிறகு அந்த நண்பன் நடந்துகொண்ட விதம். அடுத்து ரெசிடென்ட் மெக்காலேயின் நெருக்குதல். அதற்குப் பிறகு எழுத்து எதிர்காலத்துக்குத் தாவுகிறது. கம்பெனியின் ஆட்சி வந்தால் அரண்மனையையும் கோட்டைகளையும் பிடித்துக்கொள்வார்கள். உப்பு முதலான எல்லாவற்றையும் தங்கள் தனியுரிமை ஆக்குவார்கள். நிலத்துக்கும் தென்னைக்கும் தாங்க முடியாத வரி போடுவார்கள். சிறு குற்றத்துக்கும் கொடிய தண்டனை கொடுப்பார்கள். கோயில்களில் சிலுவை நாட்டுவார்கள். சாதி பாராமல் பிராமணப் பெண்களை மணமுடிப்பார்கள். கலியுகத்துக்குரிய அத்தனை அதர்மமும் நடக்கும். ஆகவே எழுந்து நில்லுங்கள் என்கிறது.

இந்த அடுக்கில் உள்ள எல்லாமே ஒரே எடை உடையவை அல்ல. பணச்சுமை பற்றிய அச்சத்துக்குக் கையில் ஆதாரம் இருந்தது. 1805 உடன்படிக்கைப்படி கம்பெனிக்குக் கட்ட வேண்டிய தொகை ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாயாக உயர்ந்திருந்தது. பாக்கியைக் கேட்டு மெக்காலே கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தார். கோயிலில் சிலுவை, கட்டாயக் கலப்பு மணம் என்பவற்றுக்கு அப்படி ஓர் ஆதாரமும் விளம்பரத்தில் இல்லை. ஆனால் எல்லாம் ஒரே மூச்சில், ஒரே வாக்கிய அமைப்பில் வருகின்றன. முன்னால் வந்ததன் உண்மை பின்னால் வருவதன்மேலும் படர்ந்துவிடுகிறது. வரியைப் பற்றித் தலையாட்டியவர் சிலுவைக்கும் தலையாட்டுகிறார். அடுக்கிச் சொல்வதன் பலமே இதுதான். ஒவ்வொன்றாக நிறுத்தி, ‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்க அது இடம் கொடுப்பதில்லை.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சாதி பாராத மணம் என்ற அச்சம் யாருக்கானது? அன்றைய திருவிதாங்கூரில் பொதுவழியில் நடக்கவே உரிமையில்லாத மக்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கோயிலுக்குள்ளே நுழைய முடியாதவருக்குக் கோயில் பறிபோகும் என்ற அச்சத்தால் என்ன? விளம்பரம் ‘நாம்’ என்று அழைத்தது யாரை என்பது, அது எதைக் காட்டிப் பயமுறுத்தியது என்பதிலேயே தெரிந்துவிடுகிறது. 1805 உடன்படிக்கை தளவாயின் பொறுப்பில்தான் ஒப்பமானது என்பதும் படிப்பவர் நினைவில் இருக்க வேண்டிய செய்தி. இதனாலெல்லாம் அவருடைய எதிர்ப்பு பொய்யாகிவிடாது. அடுத்த மாதமே ஆரல்வாய்மொழி அரண் உடைந்தது. கொஞ்ச நாளில் மண்ணடியில் அவர் உயிரை விட்டார். சொன்னதற்கு உயிரையே பிணையாக வைத்த மனிதர் அவர். அந்த நேர்மை வேறு, விளம்பரத்தின் ஒவ்வொரு வரிக்கும் உள்ள ஆதாரம் வேறு. இரண்டையும் குழப்பாமல் படிப்பதுதான் நான் இங்கே விளக்க முயலும் பழக்கம்.

நம்ப வைக்கும் எழுத்து எதுவானாலும் அதில் மூன்று வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. ஒன்று, ஒரு முடிவும் அதற்கான காரணமும். இரண்டு, அந்தக் காரணத்தை மனத்தில் பதியவைக்கும் அணி: உவமை, அடுக்கு, கேள்வி, எதிர்நிலை. மூன்று, எழுதுபவர் பொருளிடத்தும் வாசகரிடத்தும் எதிராளியிடத்தும் காட்டும் முகம், அதாவது தொனி. அரிஸ்டாட்டில் வேறு விதமாகப் பிரித்தார்: பேசுபவரின் நம்பகம், கேட்பவரின் உணர்ச்சி, சொல்லும் பொருளின் நியாயம். எப்படிப் பிரித்தாலும் சரி, பிரிக்க வேண்டும் என்பதே முக்கியம். படிக்கும்போது மூன்றும் கலந்தே வருவதால், உணர்ச்சி தந்த சூட்டைக் காரணம் தந்த உறுதி என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

இதற்கு நாம் கிரேக்கத்துக்குப் போக வேண்டியதில்லை. மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் தருக்கம் சொல்லிக்கொடுக்கிறார். நிறுவ வேண்டிய கூற்று பக்கம், அதற்கான காரணம் ஏது, உதாரணம் திட்டாந்தம். ஒவ்வொன்றும் எப்படிப் பொய்த்துப்போகும் என்று கணக்கும் தருகிறார்: பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10. காப்பியத்தின் கதை ஓட்டத்தை நிறுத்திவைத்து, ஒரு பெண் துறவு பூணுவதற்கு முன் தவறான வாதத்தை இனம் காணக் கற்கிறாள் என்று சாத்தனார் அமைத்திருப்பது எனக்கு இன்றும் வியப்பைத் தருகிறது. அங்கே வரும் உதாரணங்களில் ஒன்றைச் சுருக்கிச் சொல்கிறேன். ‘ஒலி அழியாதது, ஏனென்றால் அதற்கு உருவமில்லை, அணுவைப் போல’ என்று ஒருவர் சொல்கிறார். அணு அழியாதது என்பதை அவர் எதிராளியும் ஒப்புவார். ஆனால் அணுவுக்கு உருவம் உண்டு. ஆகவே, உருவமில்லை என்ற காரணத்துக்கு அணு சாட்சி சொல்ல முடியாது. உதாரணம் முடிவோடு பொருந்துகிறது, காரணத்தோடு பொருந்தவில்லை. அவசரமாகக் கேட்பவருக்கு முடிவோடு பொருந்துவது மட்டுமே தெரியும்.

இந்தப் பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெய்யாற்றின்கரைக்கு வருவோம்.

சுதேசாபிமானி ராமகிருஷ்ண பிள்ளை 1878இல் நெய்யாற்றின்கரையில் பிறந்தவர். வக்கம் மௌலவி 1905இல் தொடங்கிய ‘சுதேசாபிமானி’ பத்திரிகைக்கு அடுத்த ஆண்டு ஆசிரியரானார். பத்திரிகையின் உரிமையாளர் முஸ்லிம், ஆசிரியர் நாயர். ஆசிரியர் எழுதுவதில் உரிமையாளர் தலையிடவில்லை. திருவிதாங்கூர் அரசையும் திவான் பி. ராஜகோபாலாச்சாரியையும் ராமகிருஷ்ண பிள்ளை தாக்கி எழுதியதன் விளைவு: 1910 செப்டம்பர் 26 அன்று அச்சகம் பறிமுதலானது, அவர் நாடு கடத்தப்பட்டார். திருநெல்வேலி, சென்னை, பாலக்காடு என்று அலைந்து 1916இல் கண்ணூரில் இறந்தபோது அவருக்கு வயது 38 நிறையவில்லை. அந்த அலைச்சலுக்கு நடுவே பத்திரிகைத் தொழில் பற்றி ஒரு நூலும், 1912இல் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாறும் மலையாளத்தில் எழுதினார். இந்தியப் பத்திரிகைச் சுதந்திரத்தின் கதையை எழுதுகிற எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது. திருவனந்தபுரம் பாளையத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது, இருக்க வேண்டியதுதான்.

அதே 1910ஆம் ஆண்டு மார்ச் மாதம் அவர் எழுதிய ஒரு தலையங்கம், ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. புலையர் சமூகப் பிள்ளைகளை அரசுப் பள்ளிகளில் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துப் படிக்க வைக்க அரசு ஆணையிட்டிருந்தது. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி ஆண்டுக்கணக்காக நடத்திய போராட்டத்தின் பலன் அது. ராமகிருஷ்ண பிள்ளை அதை எதிர்த்தார். கல்வியே கூடாது என்று அவர் சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக அறிவைப் பண்படுத்தி வந்தவர்களின் பிள்ளைகளையும், தலைமுறை தலைமுறையாக நிலத்தைப் பண்படுத்தி வந்தவர்களின் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்காரவைப்பது, குதிரையையும் எருமையையும் ஒரே நுகத்தில் பூட்டுவதைப் போன்றது என்பது அவர் வாதத்தின் சாரம்.

அந்த உவமை ஏன் அவ்வளவு வலுவாக வேலை செய்தது? வயலும் வண்டியும் தெரிந்த வாசகருக்கு அது உடனே கண்ணில் விழும். குதிரை பாயும், எருமை அசையும். நுகம் முறியும், இரண்டு விலங்கும் துன்பப்படும். எருமையின் நலனுக்காகவும்தான் பேசுகிறேன் என்ற பாவனையும் அதற்குள்ளே இருக்கிறது. படித்தவர் மனத்தில் படம் விழுந்த கணத்திலேயே முடிவும் விழுந்துவிட்டது. நடுவில் காரணம் நிற்க வேண்டிய இடம் வெறுமையாக இருப்பது தெரிவதில்லை.

அறவண அடிகள் சொன்னபடி பிரித்துப் பார்ப்போம். பக்கம்: இந்த இரு வகைப் பிள்ளைகளையும் ஒன்றாகப் படிக்க வைக்கக் கூடாது. ஏது: அவர்களுடைய முன்னோர் செய்த தொழில் வேறு வேறு. திட்டாந்தம்: குதிரையும் எருமையும். குதிரையும் எருமையும் ஒரே நுகத்துக்கு ஆகாதவை என்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் அவற்றின் முன்னோர் செய்த வேலை அல்ல. அவை வேறு வேறு விலங்கினம். எருமைக் கன்றைக் குதிரை லாயத்தில் வளர்த்தாலும் அது பாயாது. ஆகவே உவமை காரணத்துக்குச் சாட்சி சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட வேறொரு காரணத்தை, அதாவது இந்தப் பிள்ளைகள் பிறப்பிலேயே வேறு இனம் என்பதை, வாசலில் நிறுத்தி விசாரிக்காமல் உள்ளே அழைத்து வந்துவிட்டது. வெளிப்படையாக எழுதியிருந்தால் அன்றைய வாசகரிலும் சிலர் தயங்கியிருப்பார்கள். உவமையாக வந்ததால் தயங்கவில்லை.

இனி உவமையை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பாருங்கள். ‘ஒரு சாராருக்குத் தலைமுறைகளாகக் கல்வி கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை.’ இது உண்மையான செய்தி. ஆனால் இந்தச் செய்தியிலிருந்து எந்த முடிவு பிறக்கும்? கிடைக்காதவருக்கு முதலில் கிடைக்க வேண்டும் என்பதல்லவா! அவர் கொடுத்த காரணமே அவர் முடிவுக்கு எதிராக நிற்கிறது. அதைத் திருப்பி நிறுத்தியது உவமை ஒன்றுதான்.

எதிர்த் தரப்பின் வாதத்தை அதன் மிக வலுவான வடிவில் எடுத்துப் பார்ப்பதும் நேர்மையான வாசிப்பின் பகுதி. ‘வகுப்பில் சிலர் வேகமாகவும் சிலர் மெதுவாகவும் கற்றால் ஆசிரியர் என்ன செய்வார்?’ என்ற கவலை உண்மையான கவலையே. ஆனால் அதைச் சோதிக்க வழி இருந்தது. முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் எந்தச் சாதிப் பிள்ளைக்கும் எழுத்து தெரியாது. அங்கே எல்லோரும் ஒரே புள்ளியில்தான் தொடங்குகிறார்கள். தென் திருவிதாங்கூரில் லண்டன் மிஷன் பள்ளிகள் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்திருந்தன. அந்தப் பிள்ளைகள் எப்படிப் படித்தார்கள் என்று பாறசாலைப் பக்கம் வந்து கேட்டிருக்கலாம். இவ்வளவு தேடிப் படித்த ஒரு பத்திரிகையாளர் அதைக் கேட்கவில்லை என்பது என்னை வருத்துகிறது. கையில் நல்ல உவமை கிடைத்துவிட்டால் விசாரிக்கத் தோன்றாது.

விளைவு காகிதத்தோடு நிற்கவில்லை. நெய்யாற்றின்கரைக்குச் சற்று வடக்கே ஊருட்டம்பலம் பள்ளியில் பஞ்சமி என்ற சிறுமியை அய்யன்காளி கைப்பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது, பள்ளிக்கூடத்தையே கொளுத்தினார்கள். பாதி எரிந்த ஒரு பெஞ்சு அங்கே இன்றும் பாதுகாக்கப்படுகிறது. தலையங்கம்தான் தீ வைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பகை தலையங்கத்துக்கு வெகு முன்பே இருந்தது. ஆனால் அந்தப் பகைக்குக் கற்றவர் சபையில் உட்கார ஓர் இருக்கை போட்டுத் தந்தது அந்த எழுத்து.

இதே சம்பவத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ராமகிருஷ்ண பிள்ளை ஓயாமல் தாக்கிய திவான் ராஜகோபாலாச்சாரிதான் அந்தப் பள்ளிச் சேர்க்கைக்கு ஆதரவாக நின்றவர். அய்யன்காளியை ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு 1911இல் நியமித்ததும் அவருடைய ஆட்சியில்தான். திவானின் ஊழல், அவருடைய தனி வாழ்க்கை ஆகியவற்றைப் பற்றி ‘சுதேசாபிமானி’ சுமத்திய குற்றச்சாட்டுகளில் எத்தனை உண்மை என்பது வேறு விசாரணை. அத்தனையும் உண்மை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பள்ளி ஆணை சரியான ஆணைதான். ஆளைத் தாக்குவது ஆளின் பதவிக்குப் பொருந்தலாம். லஞ்சம் வாங்கும் அதிகாரியைப் பற்றி எழுதும்போது அவர் லஞ்சம் வாங்குகிறார் என்பதே வாதம். ஆனால் அவர் பிறப்பித்த ஒவ்வோர் ஆணையையும் அதே தராசில் வைக்க முடியாது. ஆளின் மேலுள்ள கோபம் ஆணையின் மேல் வழிந்தோடும்போது எழுதுபவருக்கே அது தெரியாமல் போகிறது. வாசகருக்காவது தெரிய வேண்டும்.

ஒப்பிட்டு வாதாடுவதே தவறு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிழையில்லாத ஒப்பீடு எப்படி இருக்கும் என்பதற்கும் இதே நாட்டில் சான்று உண்டு.

1891 ஜனவரியில் 10,028 பேர் கையெழுத்திட்ட மலையாளி மெமோரியல் மகாராஜாவிடம் போனது. வெளியிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணர்களுக்கே உயர் பதவிகள் போகின்றன, மண்ணின் மக்களுக்குக் கிடைப்பதில்லை என்பது அதன் முறையீடு. அதில் ஈழவர்களைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. திருவிதாங்கூர் அரசுப் பணியில் மாதம் 5 ரூபாயோ அதற்கு மேலோ சம்பளம் வாங்கும் ஈழவர் ஒருவர்கூட இல்லை. பக்கத்தில் பிரிட்டிஷ் மலபாரிலோ அதே சமூகத்தவர் இந்தியர்களுக்குத் திறந்திருந்த உயர்ந்த பதவிகள் வரை எட்டியிருக்கிறார்கள் என்று அது சுட்டிக்காட்டியது. இந்த ஒப்பீட்டின் அமைப்பைப் பாருங்கள். மக்கள் ஒன்றே; மொழி ஒன்றே; தொழிலும் பெரும்பாலும் ஒன்றே. மாறியது அரசு மட்டும். விளைவும் மாறியிருக்கிறது. அப்படியானால் காரணம் மக்களிடத்தில் இல்லை, அரசிடத்தில் இருக்கிறது. குதிரை, எருமை எதுவும் தேவைப்படவில்லை. எதிர்க்க விரும்புபவர் எங்கே கை வைக்க வேண்டும் என்பதையும் இந்த வாதமே காட்டிவிடுகிறது: மலபாரிலும் திருவிதாங்கூரிலும் வேறு ஏதாவது வித்தியாசம் இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். தன்னை எப்படி மறுக்கலாம் என்பதைத் தானே திறந்துவைக்கும் வாதத்தை நான் மதிக்கிறேன்.

அரசின் பதில் அந்த இடத்தில் கை வைக்கவில்லை. ஈழவர் பொதுவாகக் கல்வியில்லாதவர்கள், விவசாயம், கயிறு திரித்தல், கள் இறக்குதல் என்று தங்கள் தொழிலிலேயே இருக்க விரும்புகிறார்கள் என்ற பொருளில் அது அமைந்தது. ஒரு முழுச் சமூகத்தின் விருப்பத்தை யார், எப்போது கேட்டார்கள்? மருத்துவம் படித்துத் தேறியும் சொந்த நாட்டில் வேலை மறுக்கப்பட்டு மைசூர் அரசில் பணிக்குச் சேர்ந்த டாக்டர் பல்பு, அந்த மனுவில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அவர் அடுத்து 1896இல் 13,176 பேரின் கையெழுத்தோடு ஈழவ மெமோரியலைத் தனியாகக் கொடுத்தார். முதல் மனுவின் ‘நாம்’ தங்களை எவ்வளவு தூரம் சுமந்து செல்லும் என்பதை அவர்கள் அதற்குள் தெரிந்துகொண்டிருந்தார்கள். படிக்கும் எவரும் ‘நாம்’ என்ற இடத்தில் சற்று நின்று, உள்ளே யார், வெளியே யார் என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. அந்த மனுவில் வெளியே நிறுத்தப்பட்டவர்களில் தலைமுறைகளாக இங்கேயே வாழ்ந்த தமிழர்களும் இருந்தார்கள். அதனால் எதிர் மனுவும் போனது.

தொனியைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது: உரத்துச் சொன்னால் உறுதி, தணிந்து சொன்னால் பயம் என்று. அய்யன்காளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிரஜா சபையில் 1912இல் பேச எழுந்தபோது, தம் மக்களுக்குக் குடியிருக்கவும் பயிர்செய்யவும் நிலம் வேண்டும் என்று, எது தேவை, ஏன் தேவை, யார் கொடுக்க முடியும் என்ற ஒழுங்கில் முன்வைத்தார். அடுத்த ஆண்டுகளிலும் பள்ளி, வேலை என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சபையில் தணிந்த குரல். ஆனால் அதே மனிதர் சபைக்கு வெளியே, எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் உங்கள் வயலில் களைதான் முளைக்கும் என்ற பொருளில் சொன்னதாக இன்றும் ஊரில் பேசப்படுகிறது. உழவு வேலையை நிறுத்தியும் காட்டினார்.

களை முளைக்கும் என்பதும் ஒரு காட்சிதான். எருமையும் நுகமும் ஒரு காட்சி. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எருமையும் நுகமும் பள்ளிக்கூடத்துக்கு வெளியே எங்கிருந்தோ கொண்டுவரப்பட்டவை. களை அப்படியல்ல, அது வழக்குக்குள்ளேயே இருக்கிறது. வேலைக்கு ஆள் வராவிட்டால் வயலில் களை முளைக்கும். அது நடக்கப்போகும் விஷயம். அந்த வயலில் உழைப்பவர்களின் பிள்ளைகள்தான் பள்ளிக்கு வெளியே நிற்கிறார்கள். காட்சியை எடுத்துவிட்டாலும் காரணம் அப்படியே நிற்கும்: எங்கள் உழைப்பில் நீங்கள் வாழ்கிறீர்கள், ஆகவே எங்கள் கோரிக்கைக்கு விலை உண்டு. மாணவர்கள் எழுதப் பழகும்போது ஆசிரியர்கள் இந்த ஒரு வேறுபாட்டைச் சொல்லிக்கொடுத்தால் போதும், பாதி வேலை முடிந்தது. பொருளுக்குள்ளிருந்து எடுத்த படம் வாதத்துக்கு வெளிச்சம் தரும். வெளியிலிருந்து கொண்டுவந்த படத்தை வாசலிலேயே விசாரிக்க வேண்டும்.

தணிந்த தொனியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955இல் தந்த அறிக்கையின் நடை அமைதியானது, உணர்ச்சியற்றது. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், நெய்யாற்றின்கரை உள்ளிட்ட தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கேட்டிருந்தது. 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயிருந்தன. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றில் பெரும்பான்மையோர் தமிழர் என்பது ஆணையத்துக்குப் போதுமான காரணமாக இருந்தது. தேவிகுளம், பீர்மேட்டுக்கு வரும்போது, தோட்டத் தொழிலாளர்கள் வந்து போகிறவர்கள், மலைப்பகுதி கேரளத்தின் பொருளாதாரத்துக்குத் தேவை என்று வேறு அளவுகோல் வந்தது. முடிவு சரியா, தவறா என்று இங்கே தீர்க்க முடியாது. ஒரே அறிக்கைக்குள் அளவுகோல் மாறியது என்பதை மட்டும் கவனியுங்கள். நிதானமான நடையில் எழுதியிருந்ததால் அந்த மாற்றம் பலர் கண்ணில் படவில்லை. எந்த அலகை வைத்து எண்ணுகிறோம் என்பதும் அப்படித்தான். தாலுகாவாக எண்ணினால் ஒரு விடை, கிராமமாக எண்ணினால் இன்னொரு விடை. 1956 நவம்பர் 1 அன்று பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே கோடு விழுந்ததும் தாலுகா எல்லை ஓடிய வழியில்தான்.

இந்தக் கோட்டின் இரு பக்கத்திலும் இன்றும் கொதிக்கும் ஒரு வழக்கோடு முடிக்கிறேன். அகத்தியமலையில் பிறந்து பூவாறில் கடலில் சேர்வது நெய்யாறு. அதன் அணையின் இடதுகரைக் கால்வாய் விளவங்கோடு தாலுகா வயல்களுக்கும் தண்ணீர் கொண்டுபோகக் கட்டப்பட்டது. திட்டம் தொடங்கியபோது அணையும் வயலும் ஒரே மாநிலத்தில் இருந்தன. 2004இல் கேரளம் தண்ணீரை நிறுத்தியது. தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நெய்யாறு இரு மாநில நதி, அதன் வடிநிலத்தின் ஒரு பகுதி எங்களிடம் இருக்கிறது என்கிறது தமிழ்நாடு. இது முழுக்கக் கேரள நதி, எங்கள் வயலுக்கே போதவில்லை, ஒப்பந்தமும் இல்லை என்கிறது கேரளம்.

நம் பகுதியில் இரண்டு மொழிப் பத்திரிகையும் படிப்பவர்கள் நிறைய. அவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்த வேண்டும். இரு பக்கத்துக் கட்டுரைகளையும் அருகருகே வைத்து ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால், பிச்சை, துரோகம், கொள்ளை என்று வரும் இடங்களை லேசாக அடித்துவிடுங்கள். பிறகு மிச்சத்தைப் படியுங்கள். எந்த மாதத்தில் அணையில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று யாராவது எழுதியிருக்கிறார்களா? இடதுகரைக் கால்வாயின் கேரளப் பகுதிக் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேருகிறதா? விளவங்கோட்டில் அந்தப் பாசனத்தை நம்பியிருந்த நிலத்தில் எவ்வளவு இன்னும் வயலாக இருக்கிறது, எவ்வளவு ரப்பராக மாறியது? 1956க்கு முன் எல்லோருக்குமாகத் தீட்டிய ஒரு திட்டத்தின் பொறுப்பு, கோடு விழுந்த பிறகு யாரைச் சேரும்? கடைசிக் கேள்விக்கு எண்ணால் விடை சொல்ல முடியாது. அங்கேதான் நியாயம் பேச வேண்டும், அங்கே உணர்ச்சிக்கும் இடம் உண்டு. மற்றவற்றுக்கு விடை பொறியாளர் அலுவலகப் பதிவேடுகளில் இருக்கும்.

அடுத்த இதழுக்காகப் பள்ளி, கல்லூரி மாணவர்களை எழுத அழைக்கிறோம். நிபந்தனை ஒன்றே. பாறசாலை, தனுவச்சபுரம், நெய்யாற்றின்கரைப் பக்கத்து மாணவர்கள் விளவங்கோட்டு விவசாயியின் வழக்கை எழுத வேண்டும். களியக்காவிளை, குழித்துறைப் பக்கத்து மாணவர்கள் நெய்யாற்றின்கரை விவசாயியின் வழக்கை எழுத வேண்டும். எதிராளியே படித்துவிட்டு, ‘என் வழக்கை நான் சொல்வதைவிடச் சரியாகச் சொல்லியிருக்கிறாய்’ என்று ஒப்பும்படி இருக்கட்டும். இரண்டு பக்கம் போதும்.